குரலை நிறுத்திவிட்டுப் பார்

தோருன்
செப்டம்பர் 9

கிங்கா,

நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய், நான் எடுக்காமலே இருக்கிறேன். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அண்ணனுக்குப் போன் கைக்கு எட்டவில்லை போலும் என்று நினைத்திருப்பாய். போன் என் மடியில்தான் கிடக்கிறது. ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்துவைப்பது நீயாக இருப்பாய். யார் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதானே உன் தொழில். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் இந்தக் கடிதம்.

கால் பரவாயில்லை. ஊன்றுகோலோடு சமையலறை வரை போய் வருகிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியை என் கூட்டாளி பார்த்துக்கொள்கிறார். தனூத்தா காலையில் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் டிவியும்தான். மாதச் சந்தா கட்டினால் படமாகக் கொட்டுகிறதே, அதைத்தான் பார்க்கிறேன். உன் அண்ணி சாயங்காலம் வந்ததும், "இன்னைக்கு எத்தனை பேரைக் கொன்னாங்க?" என்று விசாரிக்கிறாள்.

டென்மார்க் துப்பறியும் தொடர் ஒன்று பார்த்தேன். பனியில் ஒரு பிணம். அதைக் கண்டுபிடிக்கும் அதிகாரி அம்மாள் தொடர் முழுக்க ஒரே கம்பளிச் சட்டையில் வருகிறாள். வீட்டுக்கு வந்தால் விளக்குப் போடுவதில்லை, இருட்டில் நின்று தண்ணீர் குடிக்கிறாள். கொலைகாரன் யார் என்பதைவிட மின்கட்டணத்துக்கு இப்படிப் பயப்படுவது ஏன் என்பதுதான் எனக்கு மர்மமாக இருந்தது. கொரியாக்காரர்கள் படம் ஒன்று. யார் யாருக்குத் தம்பி என்று கடைசிவரை பிடிபடவில்லை, ஆனால் அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்து எனக்குப் பசித்துவிட்டது. நல்ல படம். அமெரிக்காக்காரன் விண்வெளிக்குப் போகிறான், போய் மகளை நினைத்து அழுகிறான். வீட்டிலேயே இருந்திருக்கலாம். இவர்கள் எல்லாருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கார் ஓட்டும்போது சாலையைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊரைக் கடக்கிறார்கள். என்னிடம் படிக்க வந்திருந்தால் முதல் தெருமுனையிலேயே இறக்கிவிட்டிருப்பேன்.

எல்லாவற்றையும் வசனத்தை மொழிபெயர்த்து வாசிப்பவரோடுதான் பார்க்கிறேன். வார்சாவில் நீங்கள் எல்லாம் திரையில் கீழே எழுத்துப் போட்டுப் படித்துக்கொள்வீர்கள். எனக்கு அந்தக் கட்டைக் குரல்காரர் வேண்டும். அவர் ஒருத்தரே கதாநாயகியின் காதலையும் கொலைகாரனின் மிரட்டலையும் குழந்தையின் அழுகையையும் ரயில் அறிவிப்புப்போல ஒரே குரலில் நம் மொழியில் வாசித்துக்கொண்டு போக வேண்டும். நம் நாட்டு டிவியில் சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அந்தக் குரல் இல்லாத படம் எனக்குத் துணி உடுத்தாத மாதிரி இருக்கிறது.

இன்னொரு குறை. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே அதைச் சுருக்கிவிட்டு அடுத்த படத்தைப் போட்டுவிடுகிறார்கள். சாப்பிட்டு முடிக்கும் முன்பே தட்டை எடுக்கிற உணவகத்தில் நான் இரண்டாம் முறை கால் வைப்பதில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது.

நீ எடுத்த படமும் அதில் வந்திருக்கிறது. பார்த்தேன். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

நவம்பர் முதல் தேதி, ஊரே கல்லறைக்குப் போகும் சகல புனிதர் நாளில், நானும் தனூத்தாவும் அம்மாவின் கல்லறைக்குப் போகிறோம். நீ இரண்டாம் தேதி வா. கல்லறை விளக்குகளை நான் முன்கூட்டியே துடைத்து வைத்துவிடுவேன். நாம் ஒன்றாக நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

ஸெனோன்


வார்சா
செப்டம்பர் 17

அண்ணா,

உன் கடிதத்தை டிராமில் படித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். டென்மார்க்காரியின் கம்பளிச் சட்டைக்கு அத்தனை வரி எழுத முடிகிறது உன்னால். என் படத்துக்கு, "பார்த்தேன்." ஒரே சொல். தணிக்கைக்காரர்கள்கூட இதைவிட அதிகம் எழுதுவார்கள்.

சரி, கோபம் எதற்கென்று நானே யோசித்துப் பார்த்தேன். படத்தில் வரும் அண்ணன் அம்மா போன கையோடு வீட்டை விற்றுவிடுகிறான். நீ விற்கவில்லை, தெரியும். அது கதைக்காக. அடக்கம் முடிந்த விருந்தில் அவன் குடித்துவிட்டு மேசையில் சாய்கிறான். அதுவும் நீ இல்லை, அது வலேரியான் சித்தப்பா, அவரை அப்படியே வைத்தால் சித்தி என்னைக் கொன்றுவிடுவாள். அந்த நடிகருக்குத் தொப்பை இருக்கிறது. அவரிடம் இளைக்கச் சொன்னேன், அவர் கேட்கவில்லை. படம் என்றால் அங்கே இங்கே மாற்றத்தான் வேண்டியிருக்கிறது அண்ணா. உள்ளபடியே எடுத்தால் நம் குடும்பத்தைப் பார்க்க யார் உட்காருவார்கள்?

திரையரங்கில் ஒரு வாரம்தான் ஓடியது. அந்த வாரம் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். பத்திரிகைகளில் எழுதினார்கள். ஒருவர் நிதானம் என்றார், ஒருவர் தூக்கம் வருகிறது என்றார். இரண்டும் எனக்கு ஒன்றுதான். ஆன்லைனில் வரட்டும், அண்ணன் சோபாவில் கால் நீட்டிப் பார்ப்பான், போன் செய்து ஒரு குறை சொல்வான், அதன் பிறகுதான் படம் முடிந்தது என்று வைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் அந்தப் படத்தை யாருக்காக எடுத்தேன் என்று உனக்குத் தெரியவில்லையா? இதைப் போனில் சொல்லியிருந்தால் நீ உடனே மருந்து சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றியிருப்பாய். காகிதத்தில் மாற்ற முடியாது பார்.

என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் அம்மாவைத் தேதி போட்டுப் பங்கு பிரிக்காதே. நவம்பர் முதல் தேதி தோருன் முழுக்கக் குடும்பம் குடும்பமாக அங்கே நிற்கும். மறுநாள் நான் தனியாகப் போய் எரிந்து முடிந்த மெழுகுவத்திகளுக்கு நடுவில் நிற்க வேண்டுமா? அப்படி நான் என்ன செய்துவிட்டேன்?

கிங்கா


தோருன்
செப்டம்பர் 25

கிங்கா,

தொப்பையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நடிகர் நன்றாகத்தான் இருக்கிறார், ஊறப்போட்ட வெள்ளரிக்காயை நம் அப்பா மாதிரியே கடிக்கிறார். வீடு விற்பதும் குடிப்பதும் எனக்குப் பொருட்டே இல்லை. படம் பொய் சொல்லும் என்று தெரியாதவனா நான்? பொய்யைப் பொய்யாகச் சொன்னால் எனக்கு வருத்தமில்லை. நீ வைத்திருக்கிறாயே ஒரு பெண்குரல், அதுதான் என்னைக் கொன்றது.

முதலில் அந்தக் குரல் பிடித்திருந்தது, மறைக்கவில்லை. "காலை. ஆற்றின் மேல் மூடுபனி. ஒரு பெண் பாலத்தில் நடந்து வருகிறாள்." பரவாயில்லையே, நம் ஊர்ப் படத்துக்கும் வாசிப்பவர் வைத்துவிட்டாளே என்று நினைத்தேன். இந்தக் காலத்துப் படங்களில் இருட்டில் யார் எங்கே போகிறார்கள் என்றே தெரிவதில்லை. உன் படத்தில் சொல்லிவிடுகிறார்கள். ஒரு இடத்தில் தேநீர் எடுக்கப் போயிருந்தேன், சமையலறையிலிருந்தே கதை புரிந்தது. தனூத்தா பின்னால் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், அவளிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

அப்புறம் தேவாலய வாசல் வந்தது. அம்மாவின் சவப்பெட்டி உள்ளே இருக்கிறது. நான் வாசலில் நிற்கிறேன். நான்தான், வேறு யார். அந்தக் குரல் சொல்கிறது: "அண்ணன் பொறுமையிழந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். பெட்டியின் பக்கம் திரும்பவில்லை. சலிப்போடு தெருவைப் பார்க்கிறான். மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்கிறான்."

சலிப்போடு. அந்தச் சொல்லை எழுதும்போது உன் கை எப்படிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. நடிகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தால் நான் வேறு ஏதாவது நினைத்துச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன். நீ வாய்விட்டே சொல்ல வைத்துவிட்டாய். அம்மாவை அடக்கம் செய்கிற நாளில் எப்போது முடியும் என்று காத்திருந்த மகன். அன்று நான் ஏன் கடிகாரம் பார்த்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல மாட்டேன். சொன்னால் சாக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

ஊரில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். தபால்காரி யாத்விகா இத்தனை வருஷமாகக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறவள், போன வாரம் கதவைத் தட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வாசல் காட்சி... போதும் சார், ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள். ரொட்டிக்கடைக்காரம்மா தனூத்தாவிடம் எனக்கென்று கசகசா ரொட்டி சும்மா கொடுத்து அனுப்புகிறாள். பரிதாபப்படுகிறார்கள், இல்லை கேலி செய்கிறார்கள். எதுவானாலும் இந்த வயதில் எனக்கு அது தேவையில்லை.

முதல் தேதி வராதே. உன் பக்கத்தில் நின்றால் நான் தெருவைப் பார்த்தாலும் ஊர் கடிகாரம் பார்க்கிறேன் என்றே நினைக்கும்.

ஸெனோன்

பி.கு.: இத்தாலிப் படம் ஒன்று பார்த்தேன். பாதிரியார் ஸ்கூட்டர் ஓட்டுகிறார், தலைக்கவசம் இல்லை.


வார்சா
அக்டோபர் 2

அண்ணா,

நிதானமாகப் படி. உட்கார்ந்து படி.

என் படத்தில் எந்தக் குரலும் கிடையாது.

உன் கடிதத்தை முதலில் படித்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அறுவைக்குக் கொடுத்த மருந்து தலைக்கு ஏறிவிட்டதோ என்று பயந்து அண்ணியைக் கூப்பிடப் போனேன். பிறகு மூடுபனி, பாலம் என்று நீ எழுதியிருந்ததை மறுபடியும் படித்தேன், அப்போதுதான் உறைத்தது. தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது, எது எங்கே முடிந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அது கண் தெரியாதவர்களுக்காகச் சேர்க்கும் குரல். திரையில் நடப்பதை அவர்களுக்குச் சொல்வதற்காகத் தனியாகப் பதிவு செய்து வைப்பார்கள். வேண்டுகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் விட்டுவிடலாம். ஒலி என்ற இடத்தில் இரண்டு வரி இருந்திருக்கும், ஒன்றில் வெறுமனே "போலிஷ்" என்றும் இன்னொன்றில் "விவரிப்புடன்" என்றும். நீ கண்ணாடியைத் தேடாமல் வழக்கம்போல வாசிப்பவரைக் கேட்டு அமுக்கியிருப்பாய். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவனால் மட்டும்தான் இப்படி ஒரு காரியம் செய்ய முடியும். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் முதல் நிமிஷத்திலேயே, என்னடா இது, யாரோ பேசுகிறார்களே என்று எழுந்திருப்பான். நீ கால் நீட்டி உட்கார்ந்து, பரவாயில்லையே என்று சொல்லியிருக்கிறாய்.

நேற்று நானும் அதைப் போட்டுக் கேட்டேன். முதல் தடவை கேட்கிறேன். சலிப்பு என்று அங்கே எழுதியவரை எனக்குத் தெரியாது, என்னையும் அவருக்குத் தெரியாது. ஒரு ஆள் கடிகாரம் பார்ப்பதைக் கண்டார், அவசரம் என்று முடிவு கட்டிவிட்டார். அதை மாற்றி எழுதிப் பதிவு செய்யச் சொல்லி இன்று காலையிலேயே சண்டை போட்டுவிட்டேன். கண் தெரியாத ஒருத்தர்கூட உன்னை அப்படி நினைக்கக் கூடாது.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். படத்தைப் போடு. கீழே பேச்சுக்குமிழி மாதிரி ஒரு சின்னம் வரும், அதை அமுக்கு. வெறும் "போலிஷ்" என்பதை எடு. குரலை நிறுத்திவிட்டுப் பார். முழுப் படமும் வேண்டாம், கால் வலிக்கும். தேவாலய வாசல் போதும். அங்கே என்ன இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் சாக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடும், இல்லையா? கண்ணைவிடக் காதைக் கொடு. அந்தப் பெண் பேசிப் பேசி அதைத்தான் மூடிவிட்டாள்.

பார்த்த பிறகும் என்னோடு நிற்க வேண்டாம் என்று தோன்றினால் எழுது. இரண்டாம் தேதியே வருகிறேன். அதற்குமேல் கேட்க மாட்டேன்.

கிங்கா


வார்சா
அக்டோபர் 14
(அஞ்சலட்டை)

பதில் இல்லை. பார்த்தாயா? பிடிக்கவில்லை என்றால் அதையாவது எழுது. அண்ணியும் போனை எடுக்கவில்லை, அவளையும் உன் கட்சியில் சேர்த்துவிட்டாயா? எனக்கு வேலை ஓடவில்லை.
கி.


தோருன்
அக்டோபர் 19

கிங்கா,

அண்ணியின் போன் சூப் பாத்திரத்தில் விழுந்துவிட்டது, கட்சி ஒன்றும் மாறவில்லை. எனக்குத்தான் எழுத வரவில்லை. உட்கார்ந்து, "அன்புள்ள" என்று எழுதுவேன், எழுந்து போய்விடுவேன்.

நீ சொன்ன குமிழியைத் தேடிப் பிடிக்கவே ஒரு நாள் போனது. முதலில் அமுக்கியதில் உன் படம் ஹங்கேரிய எழுத்தோடு ஓடியது. பிறகு தனூத்தா என் மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்து மூக்கில் மாட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். வாசலை மட்டும் பார்க்கச் சொன்னாய். நான் முதலிலிருந்தே போட்டேன். கால் என்னுடையது, வலித்தால் வலிக்கட்டும்.

குரல் இல்லாமல் முதலில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாலத்தில் ஒரு பெண் வருகிறாள், யாரும் சொல்லவில்லை, நானே பார்க்க வேண்டியிருக்கிறது. பிறகு பழகிவிட்டது.

வாசல் வந்தது. அந்த மனிதர் தெருவைப் பார்க்கிறார். கடிகாரத்தைப் பார்க்கிறார். உள்ளே ஆர்கன் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பாட்டு முடிகிறது. ஒரு மூச்சு விடும் நேரம் சத்தமே இல்லை, வாசலில் நிற்கிறவர் திரும்பி மேலே ஆர்கன் இருக்கும் மாடத்தைப் பார்க்கிறார். உடனே அதே பாட்டு முதல் அடியிலிருந்து மறுபடியும் தொடங்குகிறது. முடிகிறது. மறுபடியும் தொடங்குகிறது.

தனூத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் டிவியை நிறுத்திவிட்டேன்.

கிங்கா, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம்கூட. அன்று உன் ரயில் எங்கோ வழியில் நின்றுவிட்டது. நம் பூசைக்கு அடுத்தாற்போல் இன்னொரு அடக்கம் இருந்தது, அவர்கள் மாலையோடு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார்கள். பாதிரியார் என்னை ஒரு பார்வை பார்த்தார், பெட்டி தூக்குகிறவர்களும் எழுந்துவிட்டார்கள். நான் மாடிப்படி ஏறி ஆர்கன்காரன் மார்ஸெலிடம் போய், "நான் வந்து சொல்ற வரைக்கும் நிறுத்தாதே" என்றேன். "பாட்டு முடிஞ்சு போச்சுன்னா?" என்றான். "திரும்ப ஆரம்பி. ஆர்கன் வாசிக்கும்போது பெட்டியைத் தூக்க மாட்டாங்க. என் தங்கச்சி வராம அம்மாவை நான் வெளியே விட மாட்டேன்" என்றேன். பிறகு கீழே வந்து வாசலில் நின்றேன். நீ தெருமுனையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்வரை நின்றேன். நீ உள்ளே போய் அம்மாவைத் தொட்டாய். எல்லாம் தானாகவே தாமதமாகிக்கொண்டிருந்தது என்று நினைத்துக்கொண்டாய், நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படி இல்லை, உனக்குத் தெரிந்திருக்கிறது. மார்ஸெல்தான் சொல்லியிருப்பான், அவன் விரலுக்கு இருக்கிற அடக்கம் வாய்க்குக் கிடையாது. நீ அதைத் தெரிந்துகொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், படத்தில் அந்தப் பாட்டை மறுபடி மறுபடி வாசிக்க வைத்திருக்கிறாய். தபால்காரிக்குப் புரிந்திருக்கிறது. ரொட்டிக்கடைக்காரம்மாவுக்குப் புரிந்திருக்கிறது. ஊருக்கே புரிந்த பிறகு எனக்கு மட்டும் ஒரு பெண்மணி வேறு கதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். "நான் அன்னைக்கே சொன்னேன், அந்தாளு நல்லவனாத்தான் தெரியறான்னு" என்று தனூத்தா குதிக்கிறாள். அன்றைக்கு அவள் இஸ்திரி போட்ட சட்டைக் காலரைத் தவிர எதையும் பார்க்கவில்லை, ஆனால் இப்போது வாதாட எனக்குத் தெம்பில்லை.

நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். டென்மார்க்காரிமேல்கூட இப்போது கோபம் இல்லை, அவளுக்கும் ஏதாவது காரணம் இருக்கும்.

இனி உன் படத்தைப் பற்றி என் கருத்து, நீ கேட்டதால். நடுவில் கொஞ்சம் நீளம். ஆற்றங்கரையில் அவ்வளவு நேரம் நடக்க வேண்டியதில்லை, ஆறு எங்கேயும் போய்விடாது. தங்கையாக வருகிறவள் இடதுபுறம் திரும்பும்போது சைகை விளக்குப் போடவில்லை. உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான் என்று ஊருக்குத் தெரியும், கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றியிருக்கலாம். மற்றபடி நான் பார்த்த படங்களிலேயே அதுதான் நல்ல படம். கொரியாக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் தேதியே வா. முந்தின நாள் இரவே வந்துவிடு, தனூத்தா படுக்கை போட்டுவிட்டாள். கல்லறைப் பக்கம் அன்று கார் விட மாட்டார்கள், நாம் மூன்று பேரும் பேருந்தில் போகலாம். வெள்ளைச் செவ்வந்திக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

அம்மா இருந்திருந்தால் உன் படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டிருப்பாள். முடிந்ததும் எழுந்து, என் மகள் எடுத்த படம் பிரமாதம் என்று தெருத்தெருவாகப் போய்ச் சொல்லியிருப்பாள். நான் ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை. இன்று காலை முதல் தடவையாக ஊன்றுகோலோடு படியிறங்கி ரொட்டிக்கடை வரை நடந்தேன். வரிசையில் நின்றவர்களிடம், அவர்கள் கேட்காமலே, சொல்லிவிட்டு வந்தேன்: "அது என் தங்கச்சி எடுத்த படம். அதுல வாசல்ல நிக்கிறது நான்தான்."

ஸெனோன்